ரூடியின் மணிக்கட்டு

லோர்னா கெட்டோலாவுக்குக் கோபம் வந்தால் விறகு அடுக்குவாள். அந்த அக்டோபரில் அவள் விறகுக் கொட்டகையைப் பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். மேப்பிள் கட்டைகளை முன்னால் வைத்தாள். மறுநாள் அவற்றைப் பின்னால் தள்ளி, பிர்ச் கட்டைகளை முன்னால் கொண்டுவந்தாள். ஏரியிலிருந்து வந்த காற்றில் மழையும் அல்லாத பனியும் அல்லாத ஏதோ ஒன்று சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் தொப்பிகூடப் போடவில்லை.

சமையலறை ஜன்னலைத் திறந்து அவள் கணவன் ரெய்னோ எட்டிப் பார்த்தான்.

"கீழ் வரிசைல ஒண்ணு கோணலா இருக்கு."

"உன் இடுப்பு மாதிரியா?"

"அதவிடக் கொஞ்சம் நேரா."

ரெய்னோ மரம் வெட்டப் போன காலத்தில் கெட்டுப்போன இடுப்பு அது. பனிச்சறுக்குக் கழி ஒன்றை ஊன்றித்தான் நடப்பான். ஜனவரியில் அறுவை சிகிச்சை என்று தேதி கொடுத்திருந்தார்கள். புது மூட்டு வைத்த பிறகு என்னென்ன செய்யப்போகிறான் என்பதை யாராவது கேட்டால் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். அந்த அறுவைக்கான இன்ஷூரன்ஸ் லோர்னாவின் வேலையோடு வந்தது; வேலை போனால் அதுவும் போய்விடும். நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். மாவட்ட சுகாதாரத் துறையில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பது என் வேலை. மாவட்டம் வேறு, மத்திய அரசு வேறு என்பதால் நான் தினமும் காலையில் வேலைக்குப் போனேன். லோர்னா போகவில்லை.

அவள் வேலை பார்த்தது ஓடைச் சாலையின் முடிவில் உள்ள மத்திய அரசு மீன் பண்ணையில். ஏரிக்கான டிரவுட் மீன்களின் முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து, வசந்தத்தில் ஏரியில் விடுவார்கள். வாஷிங்டனில் பணத்துக்கு ஒப்புதல் கிடைக்காமல் அரசாங்கம் முடங்கியபோது, மீன்கள் சாகாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் போதும் என்று உத்தரவு வந்தது. பண்ணை மேலாளர் கிளென் பெல்டோ ஒருவர். இன்னொருவர் ரூடி சவோலா. மற்றவர்கள் சாவியையும் அலுவலக ஃபோனையும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். உள்ளே இருக்கும் இருவருக்கும் வேலை உண்டு, இப்போதைக்குச் சம்பளம் இல்லை. வெளியே இருப்பவர்களுக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. சும்மா இலவசமாகப் போய் ஒரு கை உதவுவதும் சட்டப்படி குற்றம்.

இதெல்லாம் எங்கள் ஊருக்குப் பழகியதுதான். முடக்கம் வந்தால் வெளியே இருப்பவர்கள் உள்ளே இருப்பவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. லோர்னா பேஸ்டி சுடுவாள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ருடபேகா கிழங்கு எல்லாவற்றையும் பொடியாக வெட்டி, மாவில் வைத்து அரை நிலாவாக மடித்துச் சுடுவது. யாருக்கு எது என்று தெரிய மாவிலேயே பெயரின் முதல் எழுத்தைக் கத்தியால் கீறுவாள். அதைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்து நாங்கள் வேலிக்குப் போவோம்.

வாசல் கதவு பூட்டியிருக்கும். அதனால் வேலியோரம்தான் கொடுக்கல் வாங்கல். ரூடி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு, மீசையில் ஈரத்தோடு வருவான். அவன் ஓடையோரம் ஒரு நாயோடு தனியாக இருப்பவன். ஓய்வு பெறும் வயது தாண்டிவிட்டது. வருடா வருடம் இந்த வருடம்தான் கடைசி என்பான்.

"மீனுங்க எப்படி இருக்கு?" என்று கேட்டாள் லோர்னா.

"அது வேலை பத்தின கேள்வி. நான் பதில் சொன்னா நீ வேலை பாத்ததா ஆயிடும்."

"சரி, உன் நாய் எப்படி இருக்கு?"

"நாய்க்கு வயிறு உப்பியிருக்கு. பெட்டை நாய்ங்க எல்லாத்துக்கும். இன்னும் ஒரு வாரத்துல முட்டை போட்டுடும்னு நினைக்கிறேன்."

நாய் என்று அவன் சொன்னது மீனைத்தான் என்று புரிந்து லோர்னா சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அக்டோபர் கடைசியில்தான் டிரவுட் மீன்கள் முட்டைக்குத் தயாராகும். பண்ணையில் வருடத்திலேயே பெரிய வேலை அதுதான்.

"தண்ணில கையை வெச்சா விறைக்குதா?"

"ஏன், உனக்கு ஆசையா இருக்கா?"

"ஆமாய்யா," என்றாள் லோர்னா. "ஆசையாத்தான் இருக்கு."

*

ருடபேகா தோல் சீவிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. முடக்கத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிலிருந்து ஆட்குறைப்பு செய்யப்போகிறார்களாம். தற்காலிகமாக இல்லை. நிரந்தரமாக. வேலைக்கு அவசியமில்லை என்றுதானே வீட்டில் இருக்கிறார்கள், பிறகு எதற்கு அவர்கள் என்று வாஷிங்டனில் யாரோ கேட்டிருக்கிறார்.

ரெய்னோ கழியை நீட்டி ரேடியோவை அணைத்தான்.

"நிறுத்தாத."

"அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவான்."

"திருப்பிச் சொல்லட்டும். எனக்குக் கேக்கணும்."

அவன் மறுபடி போட்டான். அதற்குள் செய்தி முடிந்து வானிலை வந்துவிட்டது. ஏரியில் அலை உயரம், படகுகளுக்கு எச்சரிக்கை. மூவரும் அதைக் கவனமாகக் கேட்டோம்.

"கழியே போதும் எனக்கு," என்றான் ரெய்னோ. "பழகிடுச்சு. புது மூட்டு வெச்சா அதுக்கு வேற எண்ணெய் போடணும்."

"வாய மூடு."

"நிஜமாத்தான் சொல்றேன். கழியில்லாம நடந்தா ஊர்ல யாருக்கும் என்னை அடையாளம் தெரியாது."

லோர்னா கத்தியை வைத்துவிட்டு வெளியே போனாள். சற்று நேரத்தில் கட்டையோடு கட்டை மோதும் சத்தம் கேட்டது. நான் மிச்சக் கிழங்கைச் சீவினேன். ரெய்னோ என்னைப் பார்த்து, "தடிமனா சீவுறியே பொண்ணே, பாதி தோலோட போகுது" என்றான்.

*

அடுத்த தடவை வேலிக்குப் போனபோது லோர்னா ரூடியிடம் கூடையைக் கொடுக்கவில்லை.

"கிளெனை வரச் சொல்லு."

கிளென் வந்தான். நல்ல உயரம். கூன் போட்டே நிற்பான். லோர்னாவும் அவனும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பு. அவனுடைய கல்யாணத்துக்குக் கேக் செய்ததும் அவள்தான், கல்யாணம் முறிந்தபோது சமைத்துப் போட்டதும் அவள்தான்.

"யாரு உள்ள, யாரு வெளியன்னு எழுதினது நீதான?"

"நான்தான்."

"முட்டை அறைய இத்தனை வருஷமா பாக்கறது யாரு?"

"நீதான்."

"அப்புறம் ஏன்டா எம்பேரை எழுதல?"

கிளென் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் பின்னால் தொட்டிகளில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"போன ஷட்டவுன் ஞாபகம் இருக்கா? உன்னை உள்ள வெச்சிருந்தேன். தினமும் வேலைக்கு வந்த. கையில காசு வரல. வேலை பாக்கறவங்கன்றதால வேலையில்லாதவங்களுக்குக் குடுக்கற பணமும் கெடைக்கல. ரெய்னோவோட ஸ்னோமொபைல் வண்டிய வித்தீங்க. வீட்டுல இருந்த ரூடிக்கு அந்தப் பணம் வந்துச்சு."

"ஆமா. அதுக்கு?"

"அதான் இந்தத் தடவை உன்னை வெளிய போட்டேன். நீ அந்தப் பணத்த வாங்கிக்கலாமேன்னு. ரூடி தனி ஆளு, அவன் சமாளிச்சுக்குவான்னு."

லோர்னா கூடையை மறு கைக்கு மாற்றினாள்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன் லோர்னா. வெளிய இருக்கறவங்களையே வேலையை விட்டு எடுப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? இதுக்கு முன்னாடி அப்படி நடந்ததே இல்ல."

"உன்ன யாருடா நல்லது செய்யச் சொன்னது?"

"மேல பேசிப் பாத்துட்டேன். ரெண்டு பேருன்னா ரெண்டு பேருதானாம். கூட்ட முடியாது. வேணும்னா ஆளை மாத்திக்கலாம், அதுவும் தகுந்த காரணம் இருந்தா. வெளிய இருக்கறவங்க பேரு மாசக் கடைசில மேல போகுது."

"ரூடியை எடுத்துட்டு என்னைப் போடுவியா?"

"நீ சொல்லு. போடட்டுமா?"

அவள் திரும்பி நடந்தாள். பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, கூடையை வேலிக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி நடந்தாள். பேஸ்டிகள் இன்னும் சூடாக இருந்தன.

*

அந்த வெள்ளிக்கிழமை லோர்னா கேரட் வாங்கி வந்தாள்.

ரெய்னோ பையைத் திறந்து பார்த்தான். "இது எதுக்கு?"

"கிளெனுக்கு."

"பேஸ்டிலயா? கேரட்டா?"

"ஆமா."

"லோர்னா, அவன் கெட்டவன் இல்ல. முட்டாள். முட்டாளுக்குக் கேரட் கொஞ்சம் அதிகம்."

எங்கள் பக்கத்தில் பேஸ்டியில் கேரட் போடுவது வெளியூர்க்காரர்கள். சுற்றுலா வருபவர்களுக்கு விற்கும் கடைகளில் போடுவார்கள். வீட்டில் சொந்த மனிதர்களுக்குப் போட மாட்டார்கள். லோர்னா கேரட்டைப் பொடியாக வெட்டி, ஒரே ஒரு பேஸ்டியில் மட்டும் வைத்து, மடித்து, அதன் மேல் கிளெனின் முதல் எழுத்தை வழக்கத்தைவிட ஆழமாகக் கீறினாள்.

அன்று அவள் வேலிக்கு வரவில்லை. கூடையை நான் கொண்டுபோனேன். அன்று இரவே ரூடி தொலைபேசியில் சொன்னதை ரெய்னோ எங்களுக்குச் சொன்னான்.

"முதல் கடிலயே கண்டுபிடிச்சுட்டானாம். ஒண்ணும் சொல்லலையாம். கடைசித் துண்டு வரைக்கும் தின்னானாம். கண்ணு கலங்கிடுச்சாம்."

"கேரட்டுக்கா?"

"அது ரூடிக்கும் தெரியலையாம்."

லோர்னா மாவுப் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

*

அடுத்த சனிக்கிழமை ரூடி சௌனாவுக்கு வந்தான். சனிக்கிழமைகளில் கெட்டோலா வீட்டில் நீராவி அறையைச் சூடாக்கினால் அவன் வருவது வழக்கம். குளித்துவிட்டுச் சாப்பாடு. அன்று குளிக்க மாட்டேன் என்று நேராகச் சமையலறைக்கு வந்தான். வலது மணிக்கட்டில் பெரிய கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்னய்யா இது?" என்றான் ரெய்னோ.

"தொட்டி விளிம்புல வழுக்கிட்டேன்."

"எந்தத் தொட்டி?" என்றாள் லோர்னா.

"நாலாவது."

"நாலாவது தொட்டியோரம் மணல் போட்டிருக்கோமே. வழுக்காதே."

"எனக்கு வழுக்குச்சு."

"காட்டு."

"காட்டறதுக்கு என்ன இருக்கு? உள்ள வலி. டாக்டர் பாத்துட்டாரு. மீனைப் பிடிக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாரு." அவன் யாரையும் பார்க்காமல் பேசினான். "திங்கக்கிழமை முட்டை எடுக்க ஆரம்பிக்கணும். ஒத்தக் கையால என்ன பண்ண முடியும்? கிளென் மேல எழுதி அனுப்பிட்டான். நாளைக்கு உனக்கு ஃபோன் வரும் லோர்னா. நான் வெளிய, நீ உள்ள. அவ்வளவுதான். சூப் இருக்கா?"

"எனக்காகன்னா வேணாம், ரூடி."

"யாரு உனக்காகன்னு சொன்னா? எனக்குக் கை வலிக்குது. ஊர்ல எல்லாரும் உனக்காகத்தான் விழுந்து எழுந்திருக்காங்கன்னு நெனப்பா?"

"வெளிய இருந்தா உன்னை எடுத்துடுவாங்க."

"எடுக்கட்டும். அஞ்சு வருஷமா போறேன் போறேன்னு சொல்லிட்டிருக்கேன். என் வாய்க்கு நானே மரியாதை குடுக்க வேணாமா?"

லோர்னா அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். அவள் இதற்கு ஒத்துக்கொள்ளப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. ரெய்னோ தன் கழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இடுப்பைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் எழுந்து சூப்பை ஊற்றினேன். வெண்ணெயும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்துவைத்தேன். வெள்ளரி ஊறுகாய் ஜாடியைத் திறக்கப் பார்த்தேன். மூடி அசையவில்லை. ரெய்னோ வாங்கிப் பார்த்தான். துணியைச் சுற்றித் திருப்பினான். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"வெந்நீர்ல காட்டு," என்றான்.

"குடு இங்க," என்றான் ரூடி.

ஜாடியை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கட்டுப்போட்ட வலது கையை மூடியின் மேல் வைத்து ஒரே திருப்பு. டப்பென்று திறந்தது. மூடியை மேஜையில் வைத்துவிட்டு ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்தான். இரண்டு தடவை மென்ற பிறகு, மெல்லுவதை நிறுத்தினான்.

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது.

ரூடி வலது கையை மெதுவாக மேஜைக்கு அடியில் கொண்டுபோனான்.

"நல்லா இறுகியிருந்துச்சு," என்றான் ரெய்னோ.

"ஆமா," என்றான் ரூடி.

லோர்னா ஜாடியைத் தன் பக்கம் இழுத்தாள். முள்கரண்டியால் துழாவி, இருப்பதிலேயே பெரிய காயாகப் பார்த்து எடுத்து அவன் தட்டில் வைத்தாள். பிறகு எழுந்து கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே போனாள். கொட்டகைப் பக்கம்தான் போனாள். விறகுச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தோம். கேட்கவே இல்லை.

*

திங்கட்கிழமை லோர்னா பண்ணைக்குள் போனாள். திரும்பி வரும்போது கைகள் சிவந்து, மீன் வாடையோடு, பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வருவாள். பெண் மீனின் வயிற்றை அழுத்தி முட்டைகளைக் கிண்ணத்தில் விடுவது, ஆண் மீனின் விந்துப் பாலைச் சேர்ப்பது, வாத்து இறகால் மெல்லக் கலக்குவது. பிறகு தட்டுத் தட்டாக ஓடும் தண்ணீரில் வைத்து, செத்து வெளுத்த முட்டைகளை இடுக்கியால் பொறுக்குவது. ஒன்றை விட்டுவிட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்தில் உள்ளவற்றையும் கொண்டுபோகும். அவளும் கிளெனும் முதல் வாரம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லையாம்.

"அடிபட்டதை நீ பாத்தியா?" என்று ஒருநாள் அவள் கேட்டிருக்கிறாள்.

"நான் பாக்கல. ரூடி வந்து சொன்னான், நான் எழுதிக்கிட்டேன். எந்தக் கைன்னு கேட்டேன். அவனுக்கே கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்துச்சு."

வெளியே இருப்பவன் சமைக்க வேண்டும் என்பதால் இப்போது அது ரூடியின் முறை. அவனுக்குச் சமைக்கத் தெரியாது. லோர்னாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டான். "மாவு ஏன் சுவத்துல ஒட்டுது?" என்றான். "சுவருக்கு எப்படிப் போச்சு?" என்றாள் அவள். கடைசியில் தயங்கித் தயங்கி, "கிளெனுக்குக் கேரட்டா?" என்று கேட்டான்.

லோர்னா ரிசீவரைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ருடபேகாவே போடு," என்றாள். "எல்லாருக்கும் ஒண்ணுதான்."

*

நவம்பரில் பனி விடாமல் பெய்ய ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியானம் நானும் ரூடியோடு வேலிக்குப் போனேன். அவன் கோட்டுக்குள் பேஸ்டிகளை அணைத்து எடுத்துவந்தான். எழுத்துக்களைக் கீறும்போது கத்தி ஆழமாக இறங்கி, சாறு ஒழுகி, எது யாருடையது என்று அவனுக்கே தெரியவில்லை. மணிக்கட்டில் அந்தக் கட்டு இன்னும் இருந்தது. அழுக்காகி, நூல் பிரிந்து தொங்கியது.

லோர்னாவும் கிளெனும் வந்தார்கள். ஆளுக்கொன்றாக எடுத்துக் கடித்தார்கள். கிளென் வெகு நேரம் மென்றான்.

"மாவு நல்லா இருக்கு," என்றான். "கூரைக்குப் போடலாம்."

"என் நாயே ரெண்டு தின்னுச்சு. ஒண்ணும் சொல்லல."

"நாய் பேசுமாய்யா?"

"திட்டணும்னா பேசியிருக்கும்." ரூடி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இன்னைக்குத் தபால் வந்துச்சு."

லோர்னா கடிப்பதை நிறுத்தினாள். "அதுவா?"

"அதுதான். என் சேவைக்கு நன்றின்னு போட்டிருக்கான். பேருல ஒரு எழுத்தை விட்டுட்டான்."

"யூனியன்காரங்க கோர்ட்டுக்குப் போயிருக்காங்க, ரூடி," என்றான் கிளென். "தடை வாங்கிடுவாங்கன்னு சொல்றாங்க."

"வாங்கட்டும், நல்லது. வாங்கலன்னா எனக்குப் பென்ஷன் இருக்கு. சமைக்கவும் கத்துக்கிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் பார்வை அவர்களைத் தாண்டி முட்டை அறையின் கதவுக்குப் போனது.

"நாய்க்குக் கண்ணு திறந்துச்சா?" என்று கேட்டான்.

லோர்னா மிச்சப் பேஸ்டியைக் கிளெனின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது வெள்ளைக் கிண்ணம் ஒன்றைத் தன் கோட்டுக்குள் மறைத்து, காற்று படாமல் குனிந்து நடந்து வந்தாள். கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீரில் ஆரஞ்சு நிற முட்டைகள் ஒரு பிடி.

"லோர்னா," என்றான் கிளென். "அவன் வெளி ஆளு."

"கிண்ணம் உள்ளதான இருக்கு. பாக்கறதெல்லாம் வேலையில சேராதுடா."

கிளென் நகர்ந்து வந்து, காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

அவள் கிண்ணத்தை வேலிக் கம்பியோடு ஒட்டிப் பிடித்தாள். ரூடி குனிந்து, மீசை கம்பியில் உரசப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கருப்புப் புள்ளிகள். ஒன்று மெல்லத் துடித்துப் புரண்டது.

"எல்லாம் என்னையே பாக்குதுங்க," என்றான் ரூடி.

"பின்ன? உன்னைத் தெரியாதா அதுங்களுக்கு?"

அவன் இன்னும் கிட்டத்தில் பார்க்கக் கம்பியைப் பிடித்தான். வலது கையால், எல்லா விரல்களாலும், இறுக்கமாக.

"அந்தக் கட்டை அவுத்துடு, ரூடி," என்றாள் லோர்னா தாழ்ந்த குரலில். "தோல் வெந்துடும்."

"டாக்டர் இன்னும்..."

"எந்த டாக்டர்?"

ரூடி அவளைப் பார்த்தான். கிளென் ஏரியின் பக்கம் பார்த்தான். ரூடி நுனியைத் தேடிப் பிடித்துச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். உள்ளே மணிக்கட்டு வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது, நெடுநேரம் தண்ணீரில் கிடந்த கையைப்போல. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

"ஆறிடுச்சு," என்றான்.

"ஆறிடுச்சு," என்றாள் லோர்னா.

துணியை எங்கே போடுவது என்று தெரியாமல் அவன் சற்று நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு பேஸ்டி கொடுக்கும் இடத்தில், கம்பியில் அதைக் கட்டினான். கட்டிய கை நல்ல கை. அந்த முடிச்சு அந்தக் குளிர்காலம் முழுவதும் அவிழவில்லை. பனி ஏறி வேலி பாதி புதைந்த பிறகும், எந்த இடத்தில் நின்று கூப்பிட வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.